எனக்கு வந்தது சாமி இல்லை

எனக்கு அன்று வந்தது சாமி இல்லை, மாத்திரை. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இன்றைக்கும் எங்கள் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறவர்கள் இருக்கிறார்கள். இட்லி தின்ன வருகிறவர்கள் எதற்குச் செருப்பைக் கழற்ற வேண்டும்? நான் பத்தாவது வரை படித்தவள், எழுதிப் பழக்கமில்லை. நோட்டில் எழுதுவதை என் மகள் நித்யா கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிறாள். நடுநடுவே, "இதெல்லாம் எதுக்கும்மா?" என்று கேட்கிறாள். அவளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் டிபன் கடை இருக்கிறது. பலகை ஒன்றும் கிடையாது, செல்வி கடை என்றால் சொல்வார்கள். அடுப்படியில் நான், பரிமாற என் வீட்டுக்காரர் ஏழுமலை. மற்ற நாளில் மதியத்துக்குள் கடையைக் கட்டிவிடுவோம். பௌர்ணமி வந்தால் இரண்டு நாள் அடுப்பு அணையாது. அதிலும் சித்ரா பௌர்ணமி என்றால் சொல்லவே வேண்டாம், மலையைச் சுற்றி மனிதத் தலையைத் தவிர வேறொன்றும் தெரியாது. அந்த வருஷம் திதி பகலிலேயே பிறந்துவிட்டது. வெயில் உச்சியில் இருக்கும்போதே கூட்டம் நடக்க ஆரம்பித்துவிட்டது. எனக்கு உதவிக்கு வரும் இரண்டு பெண்களும் பக்கத்தில் புதிதாக வந்த பெரிய ஓட்டலுக்குப் போய்விட்டார்கள். மாவு, சட்னி, சாம்பார், வடை எல்லாம் என் ஒருத்தி தலையில்.

மாத்திரை எப்படி வந்தது என்றால், வெளியூரிலிருந்து பக்தர்களை ஏற்றி வரும் வேன் டிரைவர் ஒருவர் எங்களுக்கு வாடிக்கை. மூன்று நாள் தூங்காமல் ஓட்டுவார். எப்படி என்று பௌர்ணமிக்கு முந்தின நாள் விளையாட்டாகக் கேட்டேன். பேர் ஊர் ஒன்றும் இல்லாத ஒரு சின்ன பிளாஸ்டிக் பொட்டலத்தை நீட்டினார். ஒன்று போட்டால் போதும், ஜாஸ்தி வேண்டாம் என்றும் சொன்னார். கொடுத்தது அவர் தப்பு. வாங்கித் தின்றது என் தப்பு. நான் யாரையும் மாட்டிவிட இதை எழுதவில்லை.

ஒன்று போட்டேன். அரை மணி நேரம் ஆயிற்று, ஒன்றும் தெரியவில்லை. சாம்பாரில் உப்பு போதாவிட்டால் என்ன செய்வோம்? இன்னும் கொஞ்சம் போடுவோம். அந்தக் கை வழக்கம்தான் என்னைக் கெடுத்தது. இன்னும் இரண்டு போட்டேன். மறுநாள் காலை கண் சொருகியபோது மீதி இருந்ததையும் போட்டு, மேலே ஒரு டம்ளர் ஸ்ட்ராங் காபியும் குடித்தேன். சாம்பார் உப்பு நாக்கில் உடனே தெரியும். இது உள்ளே போய், ஒளிந்திருந்து, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மேலே வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

மத்தியானம் வரைக்கும் ராஜ வாழ்க்கை. கை பறக்கிறது, வாய் ஓயவில்லை. வந்தவர் போனவரையெல்லாம் கிண்டல் செய்தேன். பசி இல்லை, களைப்பு இல்லை. இத்தனை வருஷம் இதைத் தெரிந்துகொள்ளாமல் போனோமே என்றுகூட நினைத்தேன், உண்மையை மறைத்து என்ன ஆகப்போகிறது. மூன்று மணிக்கு மேல் பல் தானாகக் கடிபட ஆரம்பித்தது. தாடை விறைத்தது. நெஞ்சுக்குள் கிரைண்டர் ஓடுவது போல ஒரு கடகடப்பு. அத்தனை அனலிலும் வேர்வை நின்றுவிட்டது. இட்லித் துணியைப் பிரித்தால் துணி முழுக்கக் கறுப்பாக எறும்பு. உதறுகிறேன், போகவில்லை. எறும்பு ஒன்றும் இல்லை என்று ஏழுமலை சொன்னது காதில் விழுந்தது. கரண்டியை எறிந்துவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். எனக்கு நினைவிருப்பது அதுவரைக்கும்தான்.

மீதியை நித்யா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தலைமுடி அவிழ்ந்து, கண் விரிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கொதிக்கும் தார் ரோட்டில் வெறுங்காலோடு சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். வேறு ஊராக இருந்தால் பைத்தியம் என்று விலகியிருப்பார்கள். சித்ரா பௌர்ணமி அன்று, அண்ணாமலையார் மலையைப் பார்த்தபடி, ஒரு பொம்பளை இப்படி ஆடினால் எங்கள் ஜனம் என்ன நினைக்கும்? சாமி வந்துவிட்டது என்று ஒரு குரல். அவ்வளவுதான். மஞ்சள் தண்ணீர் குடம் குடமாக வந்தது. கையில் வேப்பிலையைத் திணித்தார்கள், நெற்றி நிறைய விபூதி பூசினார்கள். யாரோ உடுக்கை அடித்திருக்கிறார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் காலில் நெடுஞ்சாண்கிடையாக முதலில் விழுந்தது யார் தெரியுமா? என் வீட்டுக்காரர். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் என் பேச்சை ஒரு நாள் கேட்டதில்லை, அன்று கேட்டாராம், "தாயே, இன்னா குத்தம் பண்ணோம், சொல்லு" என்று. இதை நான் சாகும்வரை விடப்போவதில்லை.

நித்யா ஒருத்திதான் நம்பவில்லை. எங்கம்மாவுக்கு விளக்கேற்றவே நேரமில்லை, சாமி எங்கிருந்து வரும் என்று நினைத்தாளாம். என் கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். தோசைக்கல்லைத் தொட்டது போலச் சுட்டதாம். ஆம்புலன்சுக்குப் போன் செய்தவளை, சாமி இறங்குவதற்குள் வண்டியில் ஏற்றினால் குடும்பத்துக்கு ஆகாது என்று சுற்றி இருந்தவர்கள் திட்டியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். கடைசியில் நானே கை கால் வெட்டி இழுத்துக் கீழே விழுந்த பிறகுதான் வழி விட்டார்கள்.

அரசு மருத்துவமனையில் என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டாராம். சின்ன வயதுப் பெண், டாக்டரம்மா என்றே நாங்கள் கூப்பிட்டோம். சாமி வந்தது என்று ஏழுமலை பயபக்தியோடு சொல்லியிருக்கிறார். அந்தம்மா முகத்தில் சிரிப்பும் இல்லை கோபமும் இல்லை.

"சரிங்க. சாமி வர்றதுக்கு முன்னாடி இன்னா சாப்ட்டாங்க?"

நித்யா என் இடுப்புச் சுருக்குப் பையைத் துழாவிக் காலிப் பொட்டலத்தை எடுத்தாள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று ஏழுமலை அவள் கையை அழுத்தினார். அவள் கையை உருவிக்கொண்டு டாக்டரம்மாவிடம் கொடுத்தாள். நான் பெற்றது ஒன்று என்றாலும் ஒழுங்காகப் பெற்றிருக்கிறேன்.

இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். அதில் முதல் நாள் எனக்குக் கணக்கிலேயே இல்லை. தூக்க ஊசி, கக்கத்திலும் தொடை இடுக்கிலும் ஐஸ் பொட்டலம், இரண்டு கையிலும் குளுக்கோஸ், விரலில் ஒரு கிளிப், நெஞ்சில் ஒயர்கள். கண் விழித்தபோது உடம்பில் ஒரு இடம் பாக்கியில்லாமல் வலித்தது. யாரோ உரலில் போட்டு இடித்தது போல. சிறுநீர்ப் பையைப் பார்த்தேன். டீ டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. செத்தேன் என்று நினைத்தேன். பக்கத்துக் கட்டில் கிழவி வேறு, கறுப்பாகப் போனால் அவ்வளவுதான் என்று ஆறுதல் சொன்னார்.

மூன்றாம் நாள் பெண்கள் வார்டுக்கு மாற்றிய பிறகு டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் நின்று எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். நம் உடம்பில் ஓடு, சண்டை போடு என்று சொல்கிற சுரப்பு ஒன்று இருக்கிறதாம். நாய் துரத்தினால் அது கொஞ்சம் சுரக்கும், நாய் போனதும் அடங்கிவிடும். இந்த மாதிரி மாத்திரை அதை அடங்கவிடாமல் கொட்டிக்கொண்டே இருக்கும். நெஞ்சு தாறுமாறாக ஓடும். ரத்தக் குழாய்கள் இறுகி ரத்த அழுத்தம் எகிறும். அப்படி எகிறும்போது மூளையில் குழாய் வெடித்துப் பக்கவாதம் வரலாம், சின்ன வயசுக்காரர்களுக்குக்கூட மாரடைப்பு வரலாம். உடம்புச் சூடு ஏறிக்கொண்டே போகும். அது காய்ச்சல் இல்லை என்பதால் காய்ச்சல் மாத்திரைக்கு அடங்காது. ஓய்வில்லாமல் இறுகி இறுகித் தசை உடைந்து ரத்தத்தில் கலந்துவிடும். அந்தக் கசடுதான் சிறுநீரில் கறுப்பாக இறங்குவது, அதுதான் போகிற வழியில் சிறுநீரகத்தை அடைத்துவிடுவது. எறும்பு கண்ணுக்குத் தெரிந்ததுகூட மூளை கொதித்ததால்தான்.

முறிவு மருந்து ஒன்றும் கிடையாதா என்று கேட்டேன். இதற்கென்று ஒன்றும் இல்லையாம். ஆளை அமைதிப்படுத்த வேண்டும், சூட்டை இறக்க வேண்டும், தண்ணீர் ஏற்றிச் சிறுநீரகத்தைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், மிச்சத்தை உடம்பே கழித்துவிடும் என்றார்.

"மஞ்ச தண்ணி ஊத்துனாங்களே, அவங்களுக்கு நன்றி சொல்லுங்க. சூடு அதுல கொஞ்சம் கொறஞ்சிருக்கும். ஆனா ஒரு மணி நேரம் ஆட விட்டாங்க பாருங்க, அதான் தப்பு. ஆட ஆட சூடு ஏறும். இன்னும் கொஞ்சம் லேட் ஆயிருந்தா நீங்க என்கூடப் பேசிட்டு இருக்க மாட்டீங்க."

அதன்பிறகு ஒரே ஈசிஜி, ரத்தம், எக்கோ. காலையில் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் ஸ்கேன் அறை வாசலில் நிறுத்துவார்கள். உடம்புக்கு என்ன என்று பக்கத்து நாற்காலி கேட்கும். நெஞ்சு படபடப்பு என்பேன், அது பொய்யும் இல்லை. போலீஸ்காரர் ஒருவர் வந்து எழுதிக்கொண்டு போனார். தற்கொலைக்குப் போட்டாயா என்று மூன்று தரம் கேட்டார். பௌர்ணமி வியாபாரத்தை விட்டுவிட்டு யார் சார் சாவாங்க என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மாத்திரையின் வேகம் இறங்கியதும் மனசு அதைவிடக் கீழே இறங்கியது. காரணம் இல்லாமல் அழுகை வந்தது. சாம்பார் வாசனையை நினைத்தாலே குமட்டியது. கடன் வாங்கிய தெம்பை உடம்பு திருப்பிக் கேட்கிறது, கொஞ்ச நாள் இப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டரம்மா. ஏழுமலை காலையில் கஞ்சி கொண்டுவருவார். நித்யா காலேஜ் பரீட்சைக்குப் போன அன்று சிக்குப் பிடித்த என் தலையை அவரே சீவினார். பின்னத் தெரியாமல் மூன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டு, எது மேலே போக வேண்டும் என்று நர்சிடம் கேட்டார். வார்டே சிரித்தது. எனக்கு அழுகை நிற்கவில்லை.

அன்று சாயங்காலம்தான் நித்யா அந்த வீடியோவைக் காட்டினாள். யாரோ எடுத்துப் போட்டு, வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கச் சுற்றியிருக்கிறது. நீயாகத் தெரிந்துகொள்வதைவிட நான் காட்டுவது மேல் என்றாள். என்னையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. பார்த்துக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னேன். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் என் முன்னால் முந்தானையை ஏந்திக்கொண்டு நிற்கிறாள். பின்னால் காலில் வெள்ளைக் கட்டோடு ஒரு ஆள், கம்பை ஊன்றியபடி.

"தாயே, இவருக்குச் சக்கரைப் புண்ணு. பெரிய வெரல எடுக்கணும்னு ஆஸ்பத்திரில சொல்றாங்க. நீ சொல்லு தாயே, எடுக்கலாமா?"

வீடியோவில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கத்துகிறேன். "கத்தி படக் கூடாது! கத்தி படக் கூடாது! வேப்பிலய அரச்சுக் கட்டு!" அந்தப் பெண் அழுதுகொண்டே என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள்.

சட்னி அரைக்க வேண்டும் என்ற நினைப்பா, கையில் இருந்த வேப்பிலையைப் பார்த்து வந்த பேச்சா, எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் சொன்னது என் வாய். சர்க்கரைப் புண் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். என் சித்தப்பாவுக்கு விரலில் ஆரம்பித்து முட்டி வரை போனது, அப்புறம் ஆளே போனார். இரண்டு நாள் ஆகிவிட்டதே, இரண்டு நாள் ஆகிவிட்டதே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவரைக்கும் பிழைப்பேனா என்ற பயம் எனக்காக இருந்தது. அதற்குப் பிறகு யாரென்றே தெரியாத அந்த ஆளின் கால்தான் கண்ணை மூடினாலும் திறந்தாலும் நின்றது.

நர்சிடம் கேட்டேன். அவர் ஆண்கள் அறுவை வார்டில் விசாரித்து வந்தார். பௌர்ணமி அன்று மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சர்க்கரை நோயாளி போய்விட்டாராம். தனபால், கீழ்பென்னாத்தூர் பக்கம், கடலை போடுகிற விவசாயி. கூட இருந்தது மனைவி சரோஜா. மருத்துவமனையிலிருந்து போன் செய்தால் எடுக்கவில்லை.

நேரே போய் அது சாமி இல்லை, மாத்திரை என்று சொல்லிவிட்டு வரும்படி ஏழுமலையிடம் சொன்னேன். மனுஷன் அசையவில்லை. அப்போதுதான் கடைச் செய்தி வெளியே வந்தது. நான் விழுந்த இடத்தில் மஞ்சள் பூசி எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறார்களாம். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்களாம்.

"சாமின்னே இருந்துட்டுப் போவட்டும் செல்வி. மாத்திரன்னு சொன்னா நாள பின்ன நம்ம கடைல எவன் சாப்புடுவான்? பொண்ணுக்கு எடம் பாக்கணும்."

"அந்தாளு கால் போனா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். அவரைக் குற்றம் சொல்லவில்லை. போதை மாத்திரை போட்டவள் என்ற பேர் பொம்பளைக்கு எங்கள் ஊரில் லேசில் போகாது. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. சாமி ஆடியவள் என்றால் மரியாதை, மாத்திரை போட்டவள் என்றால் அசிங்கம். நானே ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். அந்த ஒரு ராத்திரியை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது. நான்காம் நாள் காலை, நீங்கள் போகாவிட்டால் இந்த ஊசியைப் பிடுங்கிவிட்டு நானே பஸ் ஏறுவேன் என்றேன். போனார்.

போனவர் சொல்லவில்லை. வாசலில் காலை வைத்ததும் சரோஜா ஓடி வந்து அவர் காலில் விழுந்துவிட்டாளாம். செல்வி உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறது, ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். அவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? தாயே ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறாள் என்றுதானே.

ஐந்தாம் நாள் பார்வையாளர் நேரத்தில் சரோஜா வந்தாள். தாம்பாளத்தில் மஞ்சள் புடவை, பழம், எலுமிச்சை மாலை. கட்டிலுக்கு முன்னால் தரையில் விழுந்து கும்பிட்டாள். நான் எழுந்து அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டிரைவர், பொட்டலம், எறும்பு, ஒன்றையும் விடவில்லை. வார்டு முழுக்கக் கேட்கட்டும் என்றே சொன்னேன். அவள் சிரித்த முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சோதிக்காத தாயே. நீ ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருக்கறதும் ஒன் வெளையாட்டுதான்."

என்ன சொன்னாலும் ஏறவில்லை. ஒரு நொடி எனக்கு விபரீத யோசனை வந்தது. தலையை விரித்துப் போட்டு, கண்ணை உருட்டி, "கத்தி படட்டும்" என்று ஒரு கத்து கத்தினால் காரியம் முடிந்தது. அவள் ஓடிப்போய்ச் சேர்த்துவிடுவாள். கை தலைமுடிவரை போயிற்று. அப்புறம் நாளைக்கு இன்னொருத்தி வருவாள், என்ன சொல்வேன்? இறக்கிவிட்டேன். புருஷன் எங்கே என்று கேட்டேன். நடக்க முடியவில்லை, வெளியே ஆட்டோவில் இருக்கிறார் என்றாள்.

நித்யாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். ஐந்து நாளில் கழிப்பறையைத் தாண்டி நான் நடக்கவில்லை. வெயிலில் கண் கூசியது. ஆட்டோவுக்கு நாலு அடி முன்னாலேயே வாடை வந்துவிட்டது. வேப்பிலை வாடை, அதற்கு அடியில் இன்னொரு வாடை. தனபால் காலை சீட்டின் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். பச்சைப் பற்றுக்கு மேலே பாதம் கருநீலமாக வீங்கியிருந்தது. எனக்கு நெஞ்சு மறுபடியும் ஓட ஆரம்பித்தது. இது மாத்திரை இல்லை.

அவரிடமும் சொன்னேன். சரோஜா குறுக்கே பேச வந்தாள், அவர் கையமர்த்தினார்.

"எனக்குத் தெரியும்மா. எங்க ஊர்ல லாரி ஓட்டுற பையன் ஒருத்தன் இப்டிதான் பல்லக் கடிப்பான். ஒன்னப் பாத்தப்பவே எனக்குத் தோணுச்சு."

"அப்பறம் எதுக்குண்ணா வீட்டுக்குப் போனீங்க?"

அவர் கம்பின் முனையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பயம்மா. கத்தி வேணாம்னு யாராவது ஒருத்தர் சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேன். நீ சொன்ன."

சரோஜா அவரைப் பார்த்தாள். இதை அவர் அவளிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. கையிலிருந்த தாம்பாளத்தை ஆட்டோவுக்குள் வைத்துவிட்டு நின்றாள்.

"இப்ப போனா வெரலோட நின்னுடுமாம்மா? கால் தங்குமா?" என்று அவர் என்னைக் கேட்டார்.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். அங்கே நின்ற இரண்டு பெண்கள் கிட்டே வந்துவிட்டார்கள். எல்லார் கண்ணும் என் வாயில். தங்கும் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? ஆறுதலுக்குச் சொல்வதுதானே, யார் இதைத் தப்பென்று சொல்வார்கள்? நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"எனக்குத் தெரியாதுண்ணா. உள்ள இருக்கறவங்கள கேக்கணும். நானும் பயந்துதான் கெடந்தேன். வாங்க, கூட வரேன்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் காலைக் கீழே இறக்கினார். ஏழுமலை எங்கிருந்தோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். முன்னால் நின்று வழிவிடச் சொல்லிக் கத்தியதும் அவர்தான். அறுவை வார்டு வாசலில் நர்சிடம், "என் பொண்டாட்டி மாத்திரையப் போட்டுட்டு ஒளறிட்டா, அத இவங்க நம்பிட்டாங்க" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. கடைக்கு யார் வருவார்கள் வரமாட்டார்கள் என்ற பேச்சு அதன்பிறகு எங்களுக்குள் வரவில்லை.

இரவெல்லாம் தனபாலுக்கு மருந்து ஏற்றிச் சர்க்கரையை இறக்கினார்கள். மறுநாள் காலை எனக்கு டிஸ்சார்ஜ். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் தேறிவிட்டது, இன்னும் ஒரு மாதத்துக்கு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், மறுபடி வந்து ஈசிஜி எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. இனி தூக்கம் வந்தால் தூங்குங்கள் என்று சீட்டில் எழுதாத மருந்தையும் சொன்னார். ஏழுமலை பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நான் நடக்கவில்லை. அறுவை அரங்கு இருக்கும் பக்கம் திரும்பினேன்.

சரோஜா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை, கும்பிடவும் இல்லை. நான் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். இரண்டு மணி நேரம் கழித்து மருத்துவர் வெளியே வந்தார். உயிருக்கு ஆபத்தில்லை, குதிகால் தங்கிவிட்டது, தனிச் செருப்பு போட்டு நடக்கலாம் என்றார். முன்பாதம் முழுக்க எடுக்க வேண்டியதாகிவிட்டதாம். திரும்பிப் போகும்போது, அவர் யாரையும் குத்திச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார், சொன்ன அன்றைக்கே எடுத்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும் என்று.

நாலு விரலும் அரைப் பாதமும் என் வாயால் போனது. அவரும் பயந்தார், அவளும் நம்பினாள், எல்லாம் சரி. என் பங்கு என் பங்குதான். இதற்கு ஈசிஜி கிடையாது.

சரோஜா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஏறிட்டு என்னைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்று இருந்தது.

"நீ சாமியாவே இருந்திருக்கலாமே" என்றாள்.

அவள் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவரை வெளியே கொண்டுவரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.